பாக்ஸ் வீடு

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் போன மாதம் ஒரு பையனிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். என் ஆபீஸ் இருக்கும் அதே கட்டடத்தில் வேலை செய்பவன், நல்ல பையன்தான். பேச்சுவாக்கில், டிகிரி முடித்த புதிதில் லோக்கல் சேனலில் ஊர் நோட்டீஸ் படித்தேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவன் சிரித்தான். இந்த ஊருக்கு ஒரு சேனலா, அதில் அப்படி என்ன காட்டினீர்கள் என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்களைக் காட்டினோம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறியதும் பேச்சு அறுந்துபோனது. அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஓர் அறை. அதில் ஒரு வீடியோ டெக், கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் ஒரு கேமரா, ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் மனிதர்களுக்கு இல்லை, டெக் சூடாகாமல் இருக்க. அவ்வளவுதான் எங்கள் டிவி நிலையம். நடத்தியவர் அதற்கு முன்னால் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். ஒரே கேசட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவதற்குப் பதில் ஒரு வயரை இழுத்துவிட்டால் என்ன என்று தோன்றியதாம். சோம்பேறித்தனத்தில் பிறந்த சேனல் என்று நான் அவரைச் சீண்டுவேன். ஊருக்கே அவர் அண்ணா, எனக்கும் அண்ணாதான்.

சாயங்காலம் ஒரு சினிமா என்றுதான் ஆரம்பித்தார். பிறகு மாரியம்மன் திருவிழாவைப் போய் எடுத்துவந்து போட்டார். சர்ச்சில் நடந்த கிறிஸ்துமஸ் நாடகத்தை எடுத்துப் போட்டார். ஃபுட்பால் மேட்ச் போட்டார். சினிமாவை ஒரு தடவை பார்த்த ஜனம் திருவிழா கேசட்டை நாலு தடவை போடச் சொல்லிக் கேட்டது. கூழ் ஊற்றுகிற இடத்தில் தன் பெண்டாட்டி நிற்கிறாள், தேருக்குப் பின்னால் தன் மகன் ஓடுகிறான் என்று ஒவ்வொரு வீட்டிலும் விரலை நீட்டிக் காட்டினார்கள். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் உலகம் தங்கம் என்று சொல்லும். தங்கத்தை வெட்டி எடுத்தவன் மூஞ்சியை அதுவரைக்கும் யாரும் காட்டியதில்லை.

வயர் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கிளம்பி கம்பம் கம்பமாக, மரம் மரமாக, கூரைக்குக் கூரை தாவி எங்கள் சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸ் வரும். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளை நாங்கள் லைன் என்போம். எங்கள் லைனுக்கு வந்து சேர்வதற்குள் படம் களைத்துப்போய் வெறும் புள்ளிகளாக ஆகிவிடும். அங்கே ஒரு பாக்ஸ் வைத்து அதற்குத் தெம்பு கொடுத்தால்தான் மேற்கொண்டு மாரிகுப்பம் பக்கத்துக்குப் போகும். பாக்ஸுக்கு கரண்ட் வேண்டும். கம்பத்தில் கரண்ட் எடுக்க முடியாது, ஏதாவது ஒரு வீட்டில்தான் வைக்க வேண்டும். லைனின் முதல் வீடு எங்களுடையது. இப்படித்தான் நாங்கள் பாக்ஸ் வீடு ஆனோம். எங்கள் வீட்டுக் கரண்டுக்குப் பதிலாக எங்களுக்குக் கேபிள் இலவசம்.

வாசல் கதவுக்கு மேலே, இயேசு படத்துக்குக் கீழே ஒரு பலகை அடித்து அண்ணா பாக்ஸை உட்கார வைத்தார். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும், உர்ரென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். அம்மா அதற்கு அரசியாகிவிட்டாள். அந்த சுவிட்சில் வேறு ஒருவர் கை வைக்கக் கூடாது. பெருக்கும்போதுகூட அந்தப் பக்கம் துடைப்பத்தை உயர்த்த விடமாட்டாள். வேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனபோது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிட்டு, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டு வந்தாள்.

படம் போய்விட்டால் எங்களுக்கு அப்பால் இருக்கும் வீடுகளிலிருந்து யாராவது உடனே ஓடிவருவார்கள். சாதாரணமாக வரமாட்டார்கள், சண்டைக்கு வருவதுபோல வருவார்கள். இன்னாக்கா, பாக்ஸ் ஆஃபா என்பார்கள். அம்மா விடமாட்டாள்.

"பாக்ஸ் ஆஃப் ஆனா மட்டும் ஓடியாறீங்க. எங்க வூட்ல அடுப்பு எரியலன்னா ஒருத்தராவது வந்து கேப்பீங்களா?"

வந்தவர்கள் சிரித்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அப்படியே அம்மாவுக்கு மாரிகுப்பம் வரைக்கும் ஆட்கள் பழக்கமானார்கள்.

நான் சேனலுக்குப் போனது சர்ச்சால். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் வேதபாடம் வாசித்ததை அண்ணா கேமராவில் பிடித்திருந்தார். டிகிரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் படம் போடுவதற்கு முன்னால் ஊர் நோட்டீஸ் படிக்க வருகிறாயா என்று கேட்டார். அதுவரை அவரே படித்துக்கொண்டிருந்தார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி படிப்பார், எந்தக் கல்லறையில் எத்தனை மணிக்கு அடக்கம் என்பது யாருக்கும் பிடிபடாது. அப்பா கேட்டதும் போய்ட்டு வா என்றார். அம்மா, நம்ம பாக்ஸ் வழியாத்தான நீ போவப்போற, தைரியமா படி என்றாள்.

தண்ணீர் வராத நாள், காணாமல் போன மாடு, டியூஷன், நிச்சயதார்த்தம், சாவு. எல்லாவற்றையும் முதலில் தமிழில் படித்து, பிறகு கன்னடத்தில் சுருக்கிச் சொல்வேன். சாவு நோட்டீஸுக்கு மட்டும் ஒரு முறை உண்டு. பெயரை முதலில் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் ஒரே பெயரில் லைனுக்கு நாலு பேர் இருப்பார்கள். எந்த மைன், அதில் ஆள் இறங்குகிற எந்த ஷாப்ட், என்ன வேலை, எந்த லைன், அப்புறம்தான் பெயர். மைனைச் சொன்னதும் பாதி ஊர் காதைத் தீட்டிக்கொள்ளும். வேலையைச் சொன்னதும் கூட வேலை செய்தவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். பெயர் வரும்போது அழுகை தொடங்கியிருக்கும். கடைசியில், அன்னாரை இழந்து வாடும் இன்னார் இன்னார் என்று உறவுகளை வரிசையாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

இதைப் படித்துப் படித்து ஒன்று தெரிந்துகொண்டேன். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்கு நடுவில் அந்த ஊரில் பேசியது எங்கள் சேனல்தான். தங்கையோடு சண்டை, நேரில் போய்ச் சொல்ல ரோஷம் விடாது. டிவியில் போட்டுவிட்டால் சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. வந்தால் யாரும் கூப்பிட்டு வரவில்லை, தானாக வந்தேன் என்று கௌரவத்தோடு உள்ளே வரலாம். வராவிட்டால் கரண்ட் இல்லை, பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பக்கத்து மீசையிலும் மண் ஒட்டாது. எத்தனையோ நோட்டீஸை, முக்கியமாக யார் காதில் விழ வேண்டும் என்று தெரிந்தே நிறுத்திப் படித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கதை இருந்தது. அப்பாவுக்கு ஒரே அண்ணன், மாரிகுப்பத்தில் இருந்தார். அவர் அப்பாவுக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தபோது, அப்பா அவரைக் கேட்காமல் சர்ச்சுக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு அறுந்த பேச்சு. இரண்டு பேரும் ஒரே ஷாப்டில் வேலை செய்தார்கள். பூமிக்குள் இறக்குகிற கேஜில் தோளோடு தோள் இடிக்க நின்று இறங்குவார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது சொல்லப் போனவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார் பெரியப்பா. அதற்குப் பிறகு அம்மா யாரையும் அனுப்பவில்லை. நான் அவரிடம் பேசியதே இல்லை, பஜாரில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன், மேலே பாறை சரியாமல் மரத்தூண் முட்டுக் கொடுக்கிற வேலை. ரிடையர் ஆகி வந்தபோது நெஞ்சு முழுக்கத் தூசி. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அண்ணனைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஆனால் மாரிகுப்பம் திருவிழா கேசட் போடுகிற நாளில் மட்டும் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். கூட்டத்தில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தால் முன்னால் குனிவார். அண்ணாவிடம் சொல்லி அந்தக் கேசட்டை அடிக்கடி போடச் செய்தேன். ஏன் எதற்கு என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் கடனில் இதுவும் ஒன்று.

ஒரு மழைக்காலத்து மத்தியானம் அப்பா போய்விட்டார். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது, பிறகு இழுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அடக்கம் என்று பாஸ்டர் சொன்னார். மற்ற சொந்தங்களுக்கு ஆள் போனது. மாரிகுப்பத்துக்கு யார் போவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"யாரும் போவ வேணாம். டிவில போடுங்க. அவர் காதுல வுழும். தம்பி மூஞ்சியப் பாக்கணும்னு இருந்தா வருவார்."

நோட்டீஸை நானே எழுதினேன். மைன், ஷாப்ட், டிம்பர்மேன், லைன், பெயர். இழந்து வாடும் மனைவி, மகள். அதோடு நின்றுபோனேன். பெரியப்பாவைச் சேர்க்கலாமா என்று தோன்றியது. ஒட்டாத உறவை நாமாக ஒட்டவைத்து ஊருக்குப் படித்தால் அவர் அதற்கும் கோபித்துக்கொள்வார் என்று பயந்து விட்டுவிட்டேன். தாளை அண்ணாவுக்குக் கொடுத்தனுப்பினேன். ஏழு மணிக்கு அவரே படிப்பதாகச் சொல்லியனுப்பினார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. அவர் வரவேண்டும், பெட்டியை மூடுவதற்குள் வரவேண்டும். அதைத்தான் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு லைனில் சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் அந்த லைனில் எந்த வீட்டிலும் டிவி, ரேடியோ போடமாட்டார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கும் எங்கள் லைன் முழுக்க டிவி அணைந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் அம்மா எழுந்து விளக்கேற்றப் போனாள். போனவள் எங்கள் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். அப்படியே அண்ணாந்து பார்த்து, இத்தனை வருஷம் யாரையும் தொடவிடாத அந்த சுவிட்சையும் தட்டிவிட்டாள். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவர் கிடக்கும்போது இது மட்டும் எதற்கு உயிரோடு உர்ரென்று சத்தம் போடுகிறது என்று தோன்றியதாகப் பின்னால் சொன்னாள். லைனில் ஒரு டிவியும் ஓடாததால் படம் போனது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஏழு மணிக்கு அண்ணா ராபர்ட்சன்பேட்டையில் உட்கார்ந்து நோட்டீஸைப் படித்தார். அது எங்கள் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மாரிகுப்பம் பக்கம் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

ஏழரை மணி வாக்கில் முதல் ஆள் வந்தார். அம்மாவிடம் திட்டு வாங்கிப் பழகியவர். பாக்ஸ் ஆஃபா என்று தூரத்திலேயே குரல் கொடுத்துக்கொண்டு வந்தவர், வாசலில் பெஞ்சுகளையும் ஜனத்தையும் பார்த்ததும் அப்படியே நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அப்பாவைப் பார்த்தார், திரும்பிப் போய்த் தன் ஜனத்திடம் சொன்னார். அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். பிறகு குடும்பமாகவே வர ஆரம்பித்தார்கள். படம் வரவில்லை என்று கேட்க வந்தவர்கள் எல்லாம் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் எனக்கு விஷயம் விளங்கி, கதவுக்கு மேலே பார்த்தேன். சிவப்பு விளக்கு இல்லை. நோட்டீஸ் போகவில்லை, பெரியப்பாவுக்குத் தெரியாது. அம்மா மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அப்பா கிடக்கிற இடத்தில் எப்படிக் கத்துவது என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. வழுக்கைத் தலை, மழையில் நனைந்த சட்டை, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்து பெரியப்பா வந்தார். லைன் முனையில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், முகத்திலேயே தெரிந்தது. படியேறி உள்ளே வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார். சத்தமில்லாமல்தான் அழுதார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டீஸ்தான் போகவில்லையே, எதைக் கேட்டு வீட்டிலிருந்து கிளம்பினார்?

அம்மா அவருக்கு எதிரே வந்து நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"நான்தான் மாமா பாக்ஸ ஆஃப் பண்ணிட்டேன். உங்களுக்குத் தெரியாம போய்டுச்சி."

அவர் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"டெய்லி சாயங்காலம் டிவி போடுவேம்மா. படம் வந்தா, தம்பி வூட்ல கரண்ட் கீது, எல்லாரும் நல்லா கீறாங்கன்னு தெரிஞ்சிக்குவேன். சினிமாகூடப் பாக்க மாட்டேன், ஆஃப் பண்ணிட்டுப் படுத்துருவேன். இன்னிக்கி வரல. கேபிள்காரன் சரி பண்ணுவான் இருன்னாங்க. மனசு கேக்கல, கெளம்பிட்டேன்."

அந்த வீட்டில் அதுவரை அழாமல் இருந்தவர்களும் அழுதார்கள். இத்தனை வருஷம் எங்கள் வீட்டுக் கரண்ட் ராத்திரிக்கு ராத்திரி அவர் வீட்டுக்குப் போய் அப்பா நன்றாயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். நோட்டீஸில் கேட்டிருந்தால், ஊருக்குச் சொன்னாங்க, எனக்குச் சொல்லி அனுப்பலியே என்று ரோஷத்தோடு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன் என்றார். எனக்கு வந்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை செய்த தப்புக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

நோட்டீஸ் படித்த கையோடு ஒரு கேசட்டைப் போட்டுவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார் அண்ணா. வயர் பாதியில் செத்துக் கிடந்தது அவருக்கு எங்கள் வாசலில்தான் தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். மாரிகுப்பத்தில்தான் அப்பாவோடு வேலை செய்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இன்டர்வலில் படத்தை நிறுத்தி மறுபடியும் படித்துவிடுகிறேன் என்றார். பெரியப்பா அவரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"படிங்க. படிக்கும்போது என்னையும் சேத்துப் படிங்க."

அண்ணா பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். இழந்து வாடும் என்பதற்கும் மனைவி என்பதற்கும் நடுவில் அண்ணன் என்று எழுதிப் பெரியப்பாவின் பெயரைப் போட்டேன். அண்ணா அதை வாங்கிக்கொண்டு, படம் முடிந்ததும் இன்னொரு தடவை படிக்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு மழையில் திரும்பிப் போனார்.

அம்மா பாக்ஸ் சுவிட்சைப் போட்டாள். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி எங்கள் டிவியையும் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்தாள். சாவு விழுந்த லைனில், அதுவும் சாவு வீட்டிலேயே டிவி ஓடியது எங்கள் வீட்டில்தான். லைன்காரர்களும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். ஏதோ ஒரு சினிமா ஓடியது. அது நின்று, திரை ஒரு கணம் வெளுத்து, அண்ணாவின் முகம் வந்தது. தலை துவட்டாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் நிதானமாகப் படித்தார். மைன், ஷாப்ட், வேலை, லைன், அப்பாவின் பெயர். அன்னாரை இழந்து வாடும் அண்ணன் என்று பெரியப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு அம்மாவையும் என்னையும் சொன்னார். மறுபடியும் சினிமா வந்தது.

அம்மா டிவியை அணைக்க எழுந்தாள். பெரியப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு வாட்டி படிப்பாராம்மா?"

"படம் முடிஞ்சதும் படிப்பார் பெரியப்பா" என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா டிவியை அணைக்காமல் உட்கார்ந்துவிட்டாள். படம் முடியும் வரைக்கும் பெரியப்பா அப்பாவின் தலைமாட்டில் காத்திருந்தார்.